சனிக்கிழமைப் பசை

மார்ச் 3

தங்கைக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. பிரிக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன். இன்று அதை எடுத்துப் படித்ததற்குக் காரணம் நீ இல்லை, ஆய்வாளர்.

காற்று மாசு அலுவலகத்திலிருந்து நேற்று வந்தார்கள். ஏணி போட்டு நம் புகைபோக்கியில் ஏறி, கருவியைச் செருகி அளந்தார்கள். இறங்கி வந்த ஆய்வாளர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "எத்தனை வருஷமாம்மா இப்படி ஓட்டுறீங்க?" என்றார். அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு வார்னிஷ் ஆவி போகிறதாம். செப்டம்பருக்குள் சரி செய்யாவிட்டால் ஓவனுக்கு சீல் வைப்பார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மோட்டார் சுருள்களை வார்னிஷில் முக்குவதற்கு ஒரு தொட்டி போதும். அதைச் சுட்டெடுக்க ஓவன் வேண்டும். ஓவன் இல்லையென்றால் உன் அத்தான் கட்டிய தொழிற்சாலை நான்கு சுவரும் ஒரு தகரக் கூரையும்தான்.

பெரிய கம்பெனியிலிருந்து ஒரு விற்பனையாளரை வரவழைத்தேன். புகையைச் சுத்தம் செய்யும் கருவி வைத்திருக்கிறார்கள், பிளாட்டினம் பூசியது. அவர் சொன்ன விலைக்குத் தொழிற்சாலையை விற்றால் அதை வாங்கலாம். "வாங்கிய பிறகு எங்கே மாட்டுவது?" என்று கேட்டேன். அவருக்குச் சிரிக்கத் தெரியவில்லை.

ஆகவே உன் கடிதத்தைப் படித்தேன். விலை குறைந்த ஒரு பூச்சை நீ கண்டுபிடித்திருக்கிறாய், அதைச் சோதித்துப் பார்க்க ஒரு நிஜமான புகைபோக்கி வேண்டும், நான் தருவேனா என்று கேட்கிறாய். கடைசி வரியில் என் உடம்பை விசாரித்திருக்கிறாய். உடம்பு நன்றாக இருக்கிறது.

உன் அத்தான் போன அன்று, கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தபோது, "இந்தப் புகைதான் அத்தானைக் கொன்னுது, நீயும் அதுக்கு உடந்தை" என்று நீ சொன்னாய். நான் அதை மறந்துவிட்டேன் என்று எண்ணி எழுதினாயானால், தவறான முகவரிக்கு எழுதியிருக்கிறாய். இது வியாபாரம். அந்தப் பூச்சு என்ன, எதனால் ஆனது, எவ்வளவு காலம் உழைக்கும், எதனால் கெடும் என்று எனக்குப் புரியும்படி எழுது. அது தோற்றால் எனக்கு என்ன ஆகும் என்பதையும் எழுது. போன் செய்யாதே. நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன், அப்புறம் யார் என்ன சொன்னோம் என்றே தெரியாது.

அக்கா


மார்ச் 15

அக்கா,

முதலில் கோபம்தான் வந்தது. ஒரு மணி நேரம் உன்னைத் திட்டிக்கொண்டே அலமாரியெல்லாம் துடைத்தேன். பிறகு பென்சிலை எடுத்து நீ கேட்டவற்றுக்கு அடியில் கோடு போட்டேன். உனக்குத்தான் என்னைத் தெரியுமே.

செங்கல் அளவில் ஒரு பீங்கான் கட்டியை நினைத்துக்கொள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தேன்கூடு மாதிரி நூற்றுக்கணக்கான நேர்த்துளைகள். ஒவ்வொரு துளையின் உட்சுவரிலும் என் பூச்சு, கண்ணுக்குத் தெரியாத கனத்தில். உன் ஓவனிலிருந்து வரும் ஆவியை முந்நூறு டிகிரிக்குச் சூடாக்கி இந்தத் துளைகள் வழியாக விட வேண்டும். பூச்சைத் தொட்டதும் அது தீயே இல்லாமல் எரிந்து போகும். மறுபக்கம் வருவது நீராவியும், நீயும் நானும் விடுகிற மூச்சில் இருக்கிற அதே கரிவாயுவும்தான். நாற்றமும் இருக்காது, கண்ணும் எரியாது.

பிளாட்டினத்துக்குப் பதில் நான் மாங்கனீசையும் செம்பையும் சேர்த்திருக்கிறேன். எங்கள் அரசு ஆய்வகத்தின் துறைத் தலைவர் இதை "உங்க சமையல்" என்பார். "இன்னைக்கு என்ன சமையல், உப்பு சரியா இருக்கா?" இப்படி ஒன்பது வருடமாகக் கேட்கிறார். எவ்வளவு காலம் உழைக்கும்? ஆய்வகக் குழாயில் ஐந்து வருட உழைப்புக்குச் சமமாக ஓட்டிப் பார்த்துவிட்டேன், அசையவில்லை. நிஜமான புகைபோக்கியில் ஒரு நாள்கூட ஓட்டியதில்லை. யாரும் தரவில்லை, அக்கா. பெரியவர்களுக்கு என் பூச்சு வேண்டாம். சின்னத் தொழிற்சாலைக்காரர்கள் பயப்படுகிறார்கள். உன் புகைபோக்கியில் இது நின்றால், இதே மாதிரி ஓவன் வைத்திருக்கிற மூன்று பேர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். நிற்காவிட்டால் என் ஒன்பது வருடம் குப்பைக்குப் போகும். அடுத்த வருடம் எனக்கு ஓய்வு. இன்னொரு வாய்ப்புக்கு நேரம் இல்லை.

எதனால் கெடும்? கந்தகம், ஈயம், பாஸ்பரஸ். இவை பூச்சுக்கு விஷம். உன் வார்னிஷில் ஒரு புட்டி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். இன்னொன்று, ஓவனிலிருந்து கட்டி இருக்கும் பெட்டிவரை குழாய் வருமே, அதன் இணைப்புகளில் ஒரு மயிரிழை இடைவெளிகூட இருக்கக் கூடாது. ஆவி வெளியே கசிந்தாலும் குளிர்காற்று உள்ளே புகுந்தாலும் அளவு தப்பாகிவிடும். இதில் கண்டிப்பாக இரு. (உன்னிடம் போய்க் கண்டிப்பாக இரு என்று எழுதுகிறேன் பார்.)

தோற்றால் என்ன ஆகும் என்று காற்று மாசு அலுவலகத்தில் கேட்டுவிட்டேன். அனுமதி பெற்ற சோதனை இது. பூச்சு தானாகத் தோற்றால் குற்றம் உன்னுடையது அல்ல, ஓராண்டு அவகாசம் தருவார்கள். தொழிற்சாலை சரியாகக் கையாளாமல் கெட்டுப்போனது என்றால் அவகாசம் இல்லை, செப்டம்பரில் சீல்தான். இரண்டில் எது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டியவள் நான்.

கூடத்தில் சொன்னதைப் பற்றி நீ கேட்கவில்லை. அதனால் நானும் எழுதவில்லை.

தங்கை


மே 20

தங்கைக்கு,

நீ கட்டிகளைக் கொண்டுவந்து பெட்டியில் பொருத்திவிட்டுப் போய் மூன்று வாரம் ஆகிறது. உன் படுக்கையை நான் தட்டிப் போட்டு வைத்திருந்தேன். நீ விடுதியில் தங்கினாய். விடுதியில் மூட்டைப்பூச்சி என்று மேஸ்திரியிடம் சொன்னாயாம். உனக்கு வேண்டும்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், மிகைப்படுத்தி எழுதி எனக்குப் பழக்கமில்லை. நாற்றம் இல்லை. முற்றிலும் இல்லை. ஓவன் மேஸ்திரியை எல்லாரும் "தும்மல்" என்றுதான் கூப்பிடுவார்கள், உனக்கு நினைவிருக்கும். சுருள் அடுக்கிய ஒவ்வொரு தட்டும் ஓவனில் ஏறும்போது ஏழெட்டுத் தும்மல் போடுவார். இரண்டாம் வாரம் நின்றுவிட்டது. முக்குத்தொட்டிப் பெண்கள் விடுவார்களா? "என்ன மேஸ்திரி, பேரை மாத்திக்கணுமே, கெஜட்ல போடச் சொல்லட்டுமா?" என்கிறார்கள். அவரும், "ரெண்டு நாள் பொறுங்க, பழக்கதோஷத்துல ஒண்ணு போட்டுக் காட்டுறேன்" என்றார்.

பின்சந்தில், நம் மதிலுக்கு அந்தப் பக்கம், ஒரு தையல்காரி இருக்கிறாள். தைத்த துணியில் வார்னிஷ் வாடை ஏறுகிறது என்று வருடக்கணக்காக என் வாசலில் வந்து சண்டை போட்டவள். போன திங்கட்கிழமை அவள் மதிலை ஒட்டிக் கொடி கட்டித் துணி போட்டிருந்தாள். என்னைப் பார்த்தும் சண்டைக்கு வரவில்லை. தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

இணைப்புகளைப் பற்றி எழுதியிருந்தாயே. நீ போன மறுநாளே நான் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். மூன்றாவது இணைப்பில் கசிவு. நீ போட்ட கயிற்று அடைப்பு போதவில்லை. வண்டி மெக்கானிக்குகள் என்ஜின் மூடிக்குத் தடவும் சிவப்புப் பசை இருக்கிறதே, முந்நூறு டிகிரி தாங்கும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. அதை வாங்கி, இணைப்புகளைக் கழற்றி, உள்ளும் புறமும் தடவச் சொன்னேன். ஓவன் கதவின் விளிம்பிலும். பசை சூட்டில் காய்ந்து உதிர்கிறது. ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓவன் ஆறியதும் பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும் என்று விதி செய்துவிட்டேன். நானே நின்று பார்க்கிறேன். மேஸ்திரி, "புகையே இல்லாத இடத்துல எதுக்கும்மா இவ்ளோ பசை?" என்கிறார். "அதனால்தான் புகை இல்லை" என்றேன். நம் கான்வென்ட்டில் நகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குள் விடுவார்கள். நானும் இணைப்புகளைப் பார்த்த பிறகுதான் சனிக்கிழமை வீட்டுக்குப் போகிறேன்.

உன் சமையல் நன்றாக இருக்கிறது என்று உன் துறைத் தலைவரிடம் சொல்.

அக்கா


ஜூன் 2

அன்பு அக்கா,

உன் கடிதத்தை ஆய்வகத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். மூட்டைப்பூச்சிப் பகுதியைத் தவிர. தும்மல் மேஸ்திரி இப்போது எங்கள் ஆய்வகத்தில் பிரபலம். சனிக்கிழமைப் பசையைப் படித்ததும் எல்லாருக்கும் சிரிப்பு. "உங்க அக்காவை எங்களுக்கு மேலாளரா போட்டுட்டா நாங்கல்லாம் ராஜினாமா செஞ்சிட வேண்டியதுதான்" என்றான் ஒரு பயல். எல்லா முதலாளிகளும் உன்னைப் போல இருந்துவிட்டால் எனக்கு வேலை எவ்வளவு சுலபம் என்று நான் சொன்னேன்.

கருவி காட்டிய அளவுகள் வந்துவிட்டன. உள்ளே போகிற ஆவி நூறு என்றால் வெளியே வருவது நான்கு. நான்கு, அக்கா! பிளாட்டினக்காரர்கள் ஐந்துக்கே விழா எடுப்பார்கள். துறைத் தலைவர் என் மேசைக்கு வந்து நின்றார். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. "மத்த மூணு பேருக்கும் எழுதிடுங்க, ஆகஸ்ட் அளவு வந்ததும் கட்டி அனுப்பலாம்" என்றார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். இந்த வயதில் அப்படிச் சிரித்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

அடுத்த முறை வரும்போது வீட்டில்தான் தங்குவேன். படுக்கையைத் தட்டிப் போட வேண்டாம், நானே போட்டுக்கொள்கிறேன். அத்தானின் அறையில் வேண்டாம், கூடத்திலேயே போதும்.

உன்
தங்கை


ஜூலை 14

அன்புள்ள தங்கைக்கு,

மேஸ்திரி தும்மினார்.

வியாழக்கிழமை ஒரு தும்மல். பெண்கள் சிரித்தார்கள், "வாக்கைக் காப்பாத்திட்டீங்க" என்றார்கள். வெள்ளிக்கிழமை நான்கு. நேற்றிலிருந்து நிற்கவே இல்லை. ஜலதோஷமாக இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. நானே புகைபோக்கியின் அடியில் போய் நின்றேன். லேசாக, ஆனால் அந்த வாசனையை எனக்குத் தெரியாதா? நாற்பது வருடம் உன் அத்தான் சட்டையில் துவைத்த வாசனை.

இன்று தையல்காரி வந்தாள். சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு வெள்ளைச் சட்டையை மடித்து எடுத்துவந்து என் மேசைமேல் வைத்தாள். "மோந்து பாருங்க" என்றாள். மோந்தேன். "நீங்க சரி பண்ணிட்டீங்கன்னு நெனச்சு வாடிக்கைக்காரங்ககிட்ட வாக்கு குடுத்துட்டேன்" என்றாள். சரி செய்துவிட்டேன் என்றுதான் நானும் நினைத்தேன்.

இணைப்புகளில் கசிவு இல்லை. இரண்டு முறை பார்த்துவிட்டேன். சந்தேகத்துக்கு இனிப் புதன்கிழமையும் பசை தடவச் சொல்லியிருக்கிறேன். ஆய்வாளர் ஆகஸ்ட் முதல் வாரம் வருகிறார். என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுது.

அக்கா


ஜூலை 19

அக்கா,

பதறாதே. பெட்டிக்குப் போகும் ஆவியை இன்னும் நாற்பது டிகிரி சூடாக்கு. பூச்சு சோர்ந்திருந்தால் சூட்டில் எழுந்துவிடும். வார்னிஷ் மாற்றினாயா? வேறு கடையில் வாங்கினாயா? அதை மட்டும் உண்மையாகச் சொல், நான் திட்ட மாட்டேன். கட்டி ஒன்றைக் கழற்றிப் பஞ்சில் சுற்றி எனக்கு அனுப்பு. துளைகளில் விரல் படக் கூடாது.

எனக்குத் தூக்கம் இல்லை. ஆனால் நீ தூங்கு.

தங்கை


ஜூலை 26

அன்புள்ள தங்கைக்கு,

வார்னிஷ் அதே வார்னிஷ், அதே கடை. நான் எப்போது உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறேன்? சூட்டை ஏற்றினோம். ஒரு நாள் குறைந்த மாதிரி இருந்தது, மறுநாள் முன்னைவிட மோசம். இப்போது அளவெடுக்கக் கருவி வேண்டாம், தெருமுனையிலேயே தெரிகிறது. கட்டியை அனுப்பியிருக்கிறேன். என் பழைய கம்பளியில் சுற்றி வைத்தேன், பஞ்சு தரமாகக் கிடைக்கவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 16

அக்கா,

ஆய்வாளரின் அளவு எனக்கும் வந்தது. நூறுக்கு எண்பத்தொன்று. பூச்சு இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

கட்டியைப் பார்த்துவிட்டேன். என் பூச்சு தோற்றுவிட்டது. ஆய்வகக் குழாயில் ஐந்து வருடம் நின்றது நிஜமான புகையில் மூன்று மாதம்கூட நிற்கவில்லை. உலோகத் துகள்கள் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. இந்த மாதிரிப் பூச்சுகளுக்கு வருகிற வழக்கமான சாவு இது. நான் முன்பே ஊகித்திருக்க வேண்டும். அப்படியே எழுதிக் கையெழுத்திட்டு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். "பூச்சு தொழிற்சாலைப் பயன்பாட்டுக்குத் தகுதியற்றது. தொழிற்சாலையின் கையாளுதலில் குறை இல்லை." உனக்கு ஓராண்டு அவகாசம் வந்துவிடும். ஓவன் ஓடட்டும். அதற்குள் வேறு வழி பார்க்கலாம்.

என்னை மன்னித்துவிடு. வேறு எதுவும் கேட்காதே, அக்கா. களைப்பாக இருக்கிறது.

தங்கை


ஆகஸ்ட் 22

அன்புள்ள தங்கைக்கு,

ஓராண்டு அவகாசத்துக்கான உத்தரவு நேற்று வந்தது. பெண்கள் கை தட்டினார்கள். மேஸ்திரி தும்மிக்கொண்டே கை தட்டினார்.

நீ எனக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதுகிறவள். உன் ஒன்பது வருடம் முடிந்துபோனதை அரைப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். யாரையும் திட்டவில்லை. துறைத் தலைவரைக்கூட. சின்ன வயதில் நீ பொய் சொல்லும்போதெல்லாம் இப்படித்தான் ஒழுங்காகப் பேசுவாய்.

ஆகவே நான் பெட்டியைத் திறந்து மீதிக் கட்டிகளை வெளியே எடுத்தேன். உன் பூச்சு கறுப்பு. நீ பொருத்தும்போது நான் பக்கத்தில் நின்றேன், அடுப்புக்கரி மாதிரி இருந்தது. இப்போது ஓவன் பக்கத்துத் துளைகளின் வாயெல்லாம் வெள்ளையாக இருக்கிறது. மாவு தூவியதுபோல. புகைபோக்கிப் பக்கம் போகப் போக வெள்ளை குறைகிறது. உலோகத் துகள்கள் ஒட்டிக்கொண்டால் இப்படி வெள்ளையாகுமா, அதுவும் ஒரு பக்கம் மட்டும்?

பிறகு மூன்றாவது இணைப்பைக் கழற்றச் சொன்னேன். உள்பக்கம் தடவிய சிவப்புப் பசை சூட்டில் வெளிறி, ஓரத்தில் பொடியாகியிருந்தது. அந்தப் பொடியையும் கட்டியின் பொடியையும் என் கறுப்புக் குடைத்துணியில் பக்கத்தில் பக்கத்தில் தேய்த்தேன். மேஸ்திரியைக் கூப்பிட்டு எது எது என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா?" என்றார்.

பூச்சைக் கொன்றது என் பசையா? ஆம் அல்லது இல்லை. எனக்கு இரக்கம் வேண்டாம்.

அக்கா


ஆகஸ்ட் 29

அக்கா,

ஆம்.

அந்தப் பசை சிலிகான். சூடேறினால் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆவி கிளம்பும். அது புகையோடு சேர்ந்து கட்டிக்குள் போய், என் பூச்சின்மேல் பட்டு எரிந்து, மணலாக, மிக மெல்லிய மணலாகப் படியும். பூச்சு இன்னும் அடியில் உயிரோடுதான் இருக்கிறது. புகை அதைத் தொட முடியவில்லை. ஒரு முறை தடவியிருந்தால் கொஞ்சம் சோர்ந்திருக்கும், அவ்வளவுதான். நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாகத் தடவினாய். ஒரு வாரத்து விஷம் தீர்வதற்குள் அடுத்தது. ஒழுங்கில்லாத தொழிற்சாலையாக இருந்திருந்தால் இது பிழைத்திருக்கும். எவனோ ஒருவன் கசிவைப் பார்த்துவிட்டு, "போகட்டும்" என்று விட்டிருப்பான்.

இதை எழுதியதற்கு உடனே வெட்கப்படுகிறேன். அந்த வரியை அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். வெட்கம் ஏனென்றால், நீ எதையும் மறைக்கவில்லை. மே மாதம் எனக்கு எழுதினாய். சிவப்புப் பசை, உள்ளும் புறமும், வாராவாரம் என்று அத்தனையும் எழுதினாய். முப்பது வருடம் பூச்சு வேலை செய்தவள் நான். சிலிகான் விஷம் என்று என் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவள். கந்தகம், ஈயம் என்று உனக்கு எழுதினேனே, சிலிகானை ஏன் எழுதவில்லை தெரியுமா? வார்னிஷை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். உன் வார்னிஷில் அது இல்லை. நீ எழுதிய பிறகாவது? கூட்டமாக உட்கார்ந்து சிரித்தேன், அக்கா. அதைச் சத்தம் போட்டுப் படித்துவிட்டுச் சிரித்தேன்.

ஏன் பொய் எழுதினேன் என்று கேட்பாய். தொழிற்சாலையின் கையாளுதலில் கெட்டது என்று எழுதினால் உனக்கு செப்டம்பரில் சீல். ஒரு முறை கூடம் நிறைய ஆட்கள் முன்னால் உன்மேல் பழி போட்டேன். அரசாங்க முத்திரையோடு இன்னொரு முறை போட என்னால் முடியவில்லை.

புதிய கட்டி செய்து மறுபடி பார்க்கலாமே என்று நினைப்பாய். நானும் நினைத்தேன். தகுதியற்றது என்று நானே கையெழுத்திட்ட பூச்சை எந்தப் புகைபோக்கியிலும் பொருத்த அனுமதி கிடையாது. அந்த மூன்று பேரும் விலகிவிட்டார்கள். பூச்சுக் கலக்கும் இயந்திரத்தைத் துறைத் தலைவர் வேறு பிரிவுக்குக் கொடுத்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. என்னிடம் வந்து, "நல்ல சமையல்தாம்மா அது" என்றார். அதைத்தான் தாங்க முடியவில்லை. ஓய்வு பெறும்வரை எனக்குச் சோதனைக்கு வரும் பெயிண்ட் டப்பாக்களின் மூடி சரியாக இறுகுகிறதா என்று பார்க்கும் வேலை.

என் பொய்யால் உன் ஓவனாவது மிஞ்சட்டும். யாரிடமும் சொல்லாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

தங்கை


அக்டோபர் 11

அன்புள்ள தங்கைக்கு,

நீ காலைப் பிடித்துக் கேட்டதை நான் செய்யவில்லை. ஆறு வாரம் பதில் எழுதாததற்குக் காரணம், நான் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தேன்.

கோபப்படுவதற்கு முன் கேள். உன் பொய்யை வைத்துக்கொண்டு நான் ஓவனை மூன்று நாள் ஓட்டினேன். சட்டப்படி ஓட்டினேன். பெட்டி காலி, புகை அப்படியே போகிறது, என் கையில் முத்திரை குத்திய அனுமதி. தையல்காரி மூன்று நாளும் என் வாசலுக்கு வரவில்லை. கொடியை அவிழ்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சண்டை போட ஆள் இல்லாத தெருவில் என்னால் நடக்க முடியவில்லை.

அலுவலகத்தில் ஆய்வாளர் இல்லை, மாற்றலாகிப் போய்விட்டார். அவருடைய இடத்தில் ஒரு பெண், உன் மகள் வயது இருக்கும், நீ பெற்றிருந்தால். குடைத்துணியை விரித்துக் காட்டினேன். பூச்சில் குறை இல்லை, தவறு என்னுடையது, அந்தப் பூச்சை மறுபடி சோதிக்க அனுமதி கொடுங்கள், என் தொழிற்சாலைக்கு சீல் வைப்பதானால் வையுங்கள் என்றேன்.

அவள் கோப்பைப் புரட்டினாள். "கண்டுபிடிச்சவங்களே தகுதி இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்காங்களேம்மா."

"அவள் எனக்காகப் பொய் எழுதியிருக்கிறாள்."

"அப்படின்னா அவங்க மேல நடவடிக்கை எடுக்கணும். எடுக்கட்டுமா?"

நான் குடைத்துணியை மடித்தேன். அவள் நல்ல பெண். தண்ணீர் கொடுத்தாள். "பாட்டி, ஒரு வருஷம் கெடைச்சிருக்கு. மத்தவங்க இதுக்காக எங்ககிட்ட கெஞ்சுறாங்க. நீங்க எதுக்கு வேணாங்கறீங்க? வீட்டுக்குப் போங்க" என்றாள். நான் அடுத்த வாரமும் போனேன். அதற்கு அடுத்த வாரம் போனபோது, கோப்பு முடிந்துவிட்டது, ஆவணக் கிடங்குக்குப் போய்விட்டது என்றார்கள். உன்மேல் நடவடிக்கை என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் அது திரும்பி வரும். நான் அந்த வார்த்தையைச் சொல்லாமல் திரும்பிவிட்டேன். உன் பூச்சை என்னால் மீட்க முடியவில்லை.

கூடத்தில் நீ சொன்னது சரி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தப்பு என்று எழுதவும் வரவில்லை. அதை இத்தோடு விடுவோம்.

மூன்று நாளோடு நிறுத்தியிருந்த ஓவனை செப்டம்பர் கடைசியில் நானே ஒரேயடியாக மூடினேன். யாரும் சீல் வைக்கவில்லை. பெண்கள் அழுதார்கள், பிறகு என்மேல் கோபப்பட்டார்கள், அதுதான் நியாயம். "அனுமதி இருக்கறப்ப எதுக்கும்மா மூடுறீங்க? எங்க மூச்சை நாங்க பாத்துக்க மாட்டோமா?" என்று ஒருத்தி கேட்டாள். சந்தில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. எதிர்த்தெருவில் ஒரு வார்னிஷ் ஓவன் இருக்கிறது, நம்முடையதைவிடப் பெரியது. பெட்டியும் கிடையாது, வைக்கும் எண்ணமும் கிடையாது, எப்படியோ அவர்களுக்கு ஆய்வாளர் வருவதே இல்லை. நம் ஆட்கள் எல்லாரும் அங்கே சேர்ந்துவிட்டார்கள். நம் புகைபோக்கியிலிருந்து இப்போது ஒன்றும் வருவதில்லை. தெருவில் நாற்றம் முன்னைவிட அதிகம், ஏனென்றால் நம்மிடம் வந்துகொண்டிருந்த சுருள்களும் அங்கேதான் போகின்றன.

நீ வருவதாயிருந்தால் வா. சமாதானம் சொல்ல வராதே. எனக்குச் சொல்லவும் தெரியாது, கேட்கவும் தெரியாது. வீட்டில் ஜன்னல்களைத் திறக்க முடியாது, அதற்குத் தயாராக வா.

நேற்று சாயங்காலம் மருந்துக் கடைக்குப் போனேன். எதிர்த்தெரு கேட்டிலிருந்து மேஸ்திரி வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் நின்று கும்பிட்டார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"சம்பளம் சரியா வந்துருதும்மா."

"தும்மல்?"

"இல்லம்மா. இங்க வந்ததுலேர்ந்து மூக்குல எதுவுமே தெரிய மாட்டேங்குது. வாசனையே கெடையாது. வீட்டுல பால் தீஞ்சா கூடத் தெரியல" என்றார். அது நல்லது என்று நினைத்துச் சிரித்தார்.

அக்கா